காற்றடிக்கும் பெட்டி நல்லதுதான், அது காட்டும் எண்ணை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள்

ஒன்றரை வருடமாக என் கார் டிக்கியில் ஒரு டயர் இன்ஃப்ளேட்டர் இருக்கிறது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் 12 வோல்ட் வகை. செங்கல்லை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி, முன்னால் எண் காட்டும் திரை, பக்கத்தில் சின்ன விளக்கு, ஒரு முழத்துக்கு மேல் ஹோஸ், மூன்று மீட்டர் வயர். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்குங்கள். ஆனால் அதோடு சேர்த்துக் காற்று அளக்கும் மீட்டர் ஒன்றும் தனியாக வாங்குங்கள், பேனா மாதிரி இருக்குமே, அதுவே போதும். மீட்டர் இல்லாமல் இந்தப் பெட்டியை மட்டும் வைத்துக் காற்றடிப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு அடிப்பது போலத்தான் எனக்கு இப்போது தெரிகிறது.

பெட்டி வந்த மறுநாள் காலையில், வண்டி ராத்திரி முழுக்க ஓடாமல் ஆறிப்போய் இருந்த நேரத்தில், நான்கு டயரையும் வரிசையாகப் பார்த்தேன். முன்பக்க இடது டயரில் 28 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) காட்டியது. 33 என்று செட் செய்து பட்டனை அழுத்தினேன். சத்தம் பலமாகத்தான் இருக்கும், தரையில் வைத்தால் பெட்டி மெதுவாக நகரும், பயப்பட வேண்டாம். எண் ஒவ்வொன்றாக ஏறி 33-ல் தானாக நின்றது. அவ்வளவுதான் வேலை முடிந்தது என்று மூடியைப் போட்டுவிட்டு அடுத்த டயருக்குப் போய்விட்டேன். ஒரு வாரம் கழித்து, நண்பர் ஒருவரின் பேனா மீட்டரை வைத்துப் பார்த்தால் நான்கிலும் 30, 30.5 என்றுதான் இருக்கிறது. சரி, காற்று இறங்கியிருக்கிறது போல என்று நினைத்து மறுபடி 33-க்கு அடித்து, ஹோஸைக் கழற்றிய அந்த நிமிடமே மீட்டரை வைத்துப் பார்த்தேன். அப்போதும் 30.5தான். அதாவது என் பெட்டி இரண்டரை பிஎஸ்ஐ கூட்டிக் காட்டுகிறது. ஒரு வாரம் முழுக்க நான் 33 என்று நினைத்துக்கொண்டு 30-ல் ஓட்டியிருக்கிறேன்.

இதில் கொஞ்சம் பெட்டியின் மீட்டர் கோளாறு, கொஞ்சம் அது வேலை செய்யும் விதமே காரணம். ஓடிக்கொண்டிருக்கும்போது அது அளப்பது ஹோஸுக்குள் இருக்கும் அழுத்தத்தை. வால்வின் குறுகிய வழியாகக் காற்றைத் தள்ளும்போது ஹோஸுக்குள் அழுத்தம் டயருக்குள் இருப்பதை விடச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். அதனால் நிறுத்திய பிறகு இரண்டு மூன்று வினாடி விட்டுத் திரையைப் பாருங்கள், எண் ஒரு படி கீழே இறங்குவது கண்ணுக்கே தெரியும். அப்புறம் திருகிப் பூட்டும் வகை முனை என்றால் கழற்றும்போது 'புஸ்' என்று கொஞ்சம் காற்று வெளியே போகும், மெதுவாகத் திருகினால் இன்னும் கூடுதலாகப் போகும். நான் இப்போது விறுவிறுவென்று மூன்று திருகில் கழற்றிவிடுகிறேன். அழுத்திப் பூட்டும் நெம்புகோல் வகை முனையில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அது சரியாக உட்காராவிட்டால் நடுவில் கழன்று அடிக்கும். இரண்டில் திருகும் வகைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

முனையைப் பூட்டும்போது இன்னொன்று கவனியுங்கள். ஒரு நாள் பட்டனை அழுத்தியதும் மூன்றே வினாடியில் 33 காட்டி நின்றுவிட்டது. டயரைப் பார்த்தால் முன்பு இருந்த மாதிரியே தொய்வாக இருக்கிறது. நடந்தது என்னவென்றால், முனை அரைகுறையாகத் திருகியிருந்ததால் வால்வுக்கு நடுவில் இருக்கும் சின்ன ஊசி அழுந்தவே இல்லை, காற்று ஹோஸுக்குள் மட்டும் நிரம்பி, பெட்டி அதை அளந்து 'ஆச்சு' என்று நின்றுவிட்டது. எண் திடீரென்று குதித்தால் டயருக்குள் எதுவும் போகவில்லை என்று அர்த்தம். கழற்றி, நேராக வைத்து, கடைசி வரை திருகுங்கள். சரியாகப் பூட்டிவிட்டால் பெட்டியை ஆன் செய்யும் முன்பே திரையில் டயரின் தற்போதைய காற்று தெரிய வேண்டும். அது தெரியவில்லை என்றால் பட்டனில் கை வைக்காதீர்கள்.

எத்தனை அடிப்பது என்பதில் இன்னும் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். டயரின் பக்கச்சுவரில் 44 என்றோ 51 என்றோ பொறித்திருக்கும், அது அந்த டயர் தாங்கும் அதிகபட்சம். அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும், சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம், இல்லாவிட்டால் கையேட்டில். முன்னால் ஒரு எண், பின்னால் ஒரு எண், ஆள் நிறைய ஏற்றி சாமான் வைத்தால் வேறு ஒரு எண் என்று மூன்று விதமாக இருக்கலாம். அதுவும் டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டிய எண். வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான் ஓடியிருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் நான்கைந்து பிஎஸ்ஐ கூடக் காட்டும், அது இயல்பு, அதைப் பார்த்துப் பயந்து காற்றைத் திறந்துவிட்டால் மறுநாள் காலை டயர் குறைந்துபோய் நிற்கும். வெயில், குளிர் விஷயமும் இதுதான், வெப்பம் ஐந்தரை டிகிரி செல்சியஸ் மாறினால் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ மாறும். நடுவழியில் சூடான டயரில் அடித்தே ஆக வேண்டும் என்றால், ஸ்டிக்கரில் உள்ளதை விட நான்கு கூட்டி அடித்துவிட்டு, அடுத்த நாள் காலையில் ஆறியபின் மீட்டரை வைத்துச் சரிசெய்யுங்கள்.

அலகையும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டனை இரண்டு முறை தெரியாமல் தட்டினால் திரை பிஎஸ்ஐயிலிருந்து பாருக்கோ கிலோ பாஸ்கலுக்கோ மாறிவிடும். 32 பிஎஸ்ஐ என்பது 2.2 பார், அதுவே 220 கிலோ பாஸ்கல். திரையில் 2.2 என்று பார்த்து 'காற்றே இல்லையே' என்று அடித்துக்கொண்டே போனவரை எனக்குத் தெரியும். நல்லவேளை, பெட்டி சூடாகித் தானாக நின்றுவிட்டது.

இனி என்னை உண்மையிலேயே உலுக்கிய சம்பவத்துக்கு வருகிறேன். என் காரில் உள்ள ஸ்டெப்னி ஒல்லியான தற்காலிகச் சக்கரம், அதற்கு 60 பிஎஸ்ஐ. ஒரு நாள் மெனக்கெட்டு அதை எடுத்து 60-க்கு அடித்து வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் தம்பி தன் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினான். பின் டயரில் காற்று கம்மி. ஹோஸை மாட்டிப் பட்டனை அழுத்திவிட்டு இருவரும் பேசிக்கொண்டே நாலு அடி தள்ளி வந்துவிட்டோம்.

"பார்த்துக்கிட்டே நிக்கணுமா அண்ணா?"

"தேவையில்ல, அதுவே நின்னுரும்."

அது நிற்கவில்லை. பெட்டி கடைசியாக செட் செய்த எண்ணை நினைவில் வைத்திருக்கும், அது 60. பைக் டயர் சின்னது, கார் டயர் மாதிரி நிதானமாக ஏறாது. சத்தம் மாறியதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தபோது 49. 33 இருக்க வேண்டிய இடத்தில் 49. ஓடிப்போய் நிறுத்தி, வால்வு ஊசியை அழுத்திக் காற்றை இறக்கும்போது என் கை நடுங்கியது, ஏனென்றால் தம்பி அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து செயினைப் பார்க்கத் தொடங்கியிருந்தான். அந்த டயர் நல்ல டயர், தாங்கிக்கொண்டது. பழைய, வெடிப்பு விட்ட டயராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. தானாக நிற்கும் வசதி இருக்கிறது என்று யாராவது சொன்னால், இருக்கிறது, ஆனால் நீங்கள் கொடுத்த எண்ணில்தான் அது நிற்கும். ஒவ்வொரு முறையும் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பட்டன். ஓடும்போது பெட்டியை விட்டு நகரவே கூடாது. சக்கரத்துக்கு நேர் எதிரே, பக்கச்சுவரைப் பார்த்தபடி உட்காரவும் கூடாது. டயர் வெடித்தால் பெரும்பாலும் பக்கச்சுவர் வழியாகத்தான் வெடிக்கும், அதனால் ஹோஸ் நீளத்துக்கு ஒதுங்கி, சக்கரம் உருளும் திசையில் முன்னாலோ பின்னாலோ நில்லுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ஹோஸ் நீளமாக உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

எந்த டயரில் காற்றடிக்கவே கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பக்கச்சுவரில் முட்டை மாதிரி புடைத்திருந்தால், உள்ளே நூல் தெரியும் அளவுக்கு வெட்டு இருந்தால், அதில் கை வைக்க வேண்டாம். காற்றே இல்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்ட டயரும் அப்படித்தான். பக்கச்சுவரில் வட்டமாக ஒரு தேய்ந்த கோடு விழுந்திருக்கும், தொட்டால் ரப்பர் பொடி கையில் ஒட்டும். வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே நரம்பு அறுந்திருக்கலாம், காற்று ஏற ஏற அந்த இடம் தாங்காமல் விட்டுவிடும். அதைக் கழற்றி உள்பக்கம் பார்க்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். லாரி, பஸ் டயருக்கு இந்தப் பெட்டியைக் கொண்டே போகாதீர்கள். அவற்றின் பக்கச்சுவரில் உள்ள எஃகு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து ஜிப் திறப்பது போலக் கிழியும், அதனால்தான் அந்த வேலை செய்பவர்கள் இரும்புக் கூண்டுக்குள் சக்கரத்தை வைத்து, தள்ளி நின்று காற்றடிக்கிறார்கள்.

பஞ்சர் ஆனபோது இது எவ்வளவு உதவும்? டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருந்தால் நன்றாகவே உதவும். ஒரு நாள் காலையில் பின் டயர் முழுக்க உட்கார்ந்துவிட்டது, திரையில் 2 காட்டியது. வண்டி நின்ற இடத்திலேயே இறங்கியதால் டயருக்குச் சேதம் இல்லை. ஆணியைப் பிடுங்காமல் அப்படியே விட்டுவிட்டு 33 வரை ஏற்ற ஏழு நிமிடம் ஆனது, பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டிப் போய்ச் சேர்ந்தேன். ஆணியைப் பிடுங்கியிருந்தால் ஓட்டை திறந்து, ஏற்றுவதை விட வேகமாகக் காற்று போயிருக்கும். டியூப் உள்ள டயர் என்றால் பெரும்பாலும் பயன் இல்லை, அடிக்க அடிக்க ரிம் ஓரமாக வெளியே வந்துகொண்டே இருக்கும். டியூப்லெஸ் டயரே ஆனாலும் ரிம்மை விட்டு விளிம்பு கழன்றுவிட்டால் இந்தச் சின்னப் பெட்டியால் மறுபடி உட்கார வைக்க முடியாது, அதற்கு ஒரே மூச்சில் நிறையக் காற்று வேண்டும்.

அந்த ஏழு நிமிடம் முடிந்ததும் ஹோஸைக் கழற்றப் போய் விரல் நுனியைச் சுட்டுக்கொண்டேன். காற்றை அழுத்தினால் சூடாகும், அந்தச் சூடு பித்தளை முனைக்கும் வந்து சேர்கிறது. இரண்டு மூன்று பிஎஸ்ஐ ஏற்றும்போது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், வெறும் டயரை நிரப்பும்போது கொப்புளம் போடும் அளவுக்குச் சுடுகிறது. இப்போது பெட்டியோடு ஒரு பழைய துணியும் இருக்கிறது. என் பெட்டியில் பத்து நிமிடம் ஓட்டினால் பத்து நிமிடம் ஆறவிடு என்று எழுதியிருக்கிறது, உங்கள் மாடலில் வேறாக இருக்கலாம், எதுவாக இருந்தாலும் அதை மீறாதீர்கள். உள்ளே இருப்பது சின்ன மோட்டாரும் ஒரு பிஸ்டனும்தான், குளிர வைக்கக் காற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை.

மின்சாரம் பற்றி இரண்டு வார்த்தை. பெட்டியில் 120 வாட் என்று போட்டிருந்தால் 12 வோல்ட்டில் பத்து ஆம்பியர் இழுக்கும் என்று கணக்கு. பல கார்களில் அந்தச் சாக்கெட்டின் ஃபியூஸ் 10, 15 அல்லது 20 ஆம்பியராக இருக்கும். 10 என்றால் ஃபியூஸ் போக எல்லா வாய்ப்பும் உண்டு. வாங்கும் முன் வண்டிக் கையேட்டில் பாருங்கள். ஃபியூஸ் போனால் பெரிய ஃபியூஸ் மாட்டி ஏமாற்றப் பார்க்காதீர்கள், வயர் சூடாகித் தீப்பிடிக்கும். இன்ஜினை ஓடவிட்டு அடித்தால் பேட்டரி இறங்காது, ஆனால் திறந்த வெளியில் மட்டும் அப்படிச் செய்யுங்கள், ஹேண்ட்பிரேக் போட்டு, கியர் நியூட்ரலில். மூடிய கராஜில் இன்ஜின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு நிறையும், அதற்கு வாசனையும் கிடையாது.

பேட்டரியோடு வரும் கையடக்க மாடலும் மச்சானிடம் இருக்கிறது, இரண்டு மாதம் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்தேன். வயர் இழுக்க வேண்டாம், பைக்குக்கும் சைக்கிளுக்கும் அதுதான் வசதி. நான்கு கார் டயருக்கும் ஆளுக்கு மூன்று நான்கு பிஎஸ்ஐ ஏற்ற ஒரு சார்ஜ் போதுமாக இருந்தது, வெறும் டயரை நிரப்பியபோது பாதி வழியில் மூச்சு வாங்கிவிட்டது. அவசரத்துக்கு எடுக்கும்போது சார்ஜ் இல்லாமல் கிடப்பதுதான் அதன் பெரிய குறை. லித்தியம் பேட்டரி என்பதால் வெயிலில் நிற்கும் காருக்குள் மாதக்கணக்கில் போட்டு வைப்பதும் நல்லதில்லை. அதனால் காருக்கு என் ஓட்டு வயர் மாடலுக்கே.

சைக்கிளுக்கு அடிப்பவர்கள் வால்வைப் பாருங்கள். கார், பைக், சில சைக்கிள்களில் இருப்பது ஷ்ரேடர் வால்வு, 1893-ல் காப்புரிமை பெற்ற அதே அமைப்பு இன்றும் மாறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒல்லியான ரேஸ் சைக்கிள் டயர்களில் பிரெஸ்டா வால்வு இருக்கும், அதற்குப் பெட்டியோடு வரும் அடாப்டரை மாட்ட வேண்டும், மாட்டும் முன் வால்வின் தலையில் உள்ள குட்டி நட்டைத் தளர்த்த வேண்டும். அந்த டயர்கள் சில வினாடியில் நிரம்பிவிடும், கை பட்டனிலேயே இருக்கட்டும். கால்பந்துக்கு ஊசியைச் சற்று ஈரமாக்கிக் குத்துங்கள், 8-லிருந்து 15-க்குள்தான், அதற்கு மேல் வேண்டவே வேண்டாம்.

காற்றடித்து முடித்ததும் வால்வு வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் ஊசி சரியாக மூடவில்லை, பெரும்பாலும் தூசிதான் காரணம். அதனால்தான் அந்த அற்பமான பிளாஸ்டிக் மூடியைத் தொலைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாதம் ஒரு முறை பாருங்கள், நல்ல டயரே மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இறங்கும். டேஷ்போர்டில் காற்று குறைந்ததைக் காட்டும் விளக்கு எரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், பல வண்டிகளில் கால்வாசி குறைந்த பிறகுதான் அது எரியும், அதாவது 33 இருக்க வேண்டிய டயர் 25-க்கு வந்த பிறகு. அதற்குள் ஓரம் தேயத் தொடங்கியிருக்கும், பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகியிருக்கும்.

ஒன்றரை வருடத்தில் பெட்டிக்கு வந்த பழுது ஒன்றுதான். ஹோஸ் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் லேசாக வெடித்திருக்கிறது. நான்தான் அதைப் பெட்டியைச் சுற்றி இறுக்கிச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தேன், சூடு ஆறும் முன்பே. இப்போது ஆறவிட்டுத் தளர்வாக வைக்கிறேன். உற்பத்தியாளர் அந்த இடத்தில் ஒரு ஸ்பிரிங் உறை போட்டிருக்கலாம், வாங்கும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கு ராத்திரியில் நன்றாக உதவுகிறது, வயர் பின் டயர் வரை எட்டுகிறது, திரை நேர் வெயிலில் சரியாகத் தெரிவதில்லை.

பெட்டியின் மேல் ஒரு வெள்ளை டேப் ஒட்டி மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். முன் 33, பின் 33, ஆள் நிறைந்தால் பின் 36, ஸ்டெப்னி 60, தம்பி பைக் முன் 25, பின் 33. அதற்குக் கீழே சிவப்பில், 'இரண்டரை கூட்டிக் காட்டும்'. மச்சான் இரவல் வாங்கிப் போனபோது அந்தச் சிவப்பு வரியைப் பார்த்துத்தான் மீட்டரையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.